ஃபிலிமா, டிஜிட்டலா: சண்டை வந்தால் அட்மின் என்ன செய்யலாம்?

எங்கள் புகைப்பட வாட்ஸ்அப் குழுவில் நடந்த பெரிய சண்டை ஒரு வெள்ளை வேட்டியில் தொடங்கியது.

புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர், ஊர்த் திருவிழாவில் தேர் இழுப்பவர்களைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். நல்ல கோணம், வடத்தைப் பிடித்திருந்த கைகளில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. ஆனால் உச்சி வெயிலில் வேட்டியும் துண்டும் வெறும் தாள் மாதிரி ஆகிவிட்டன. ஒரு மடிப்பு கூட இல்லை. ஏன் இப்படி என்று கேட்டால், "ஒரு ஸ்டாப் கூட்டியே வைங்கன்னு இங்கேதானே சொன்னீங்க" என்றார். (ஒரு ஸ்டாப் கூட்டுவது என்றால் வெளிச்சத்தை இரு மடங்காக்குவது.) சொன்னவர் முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன். இன்றும் ஃபிலிமில் எடுப்பவர்.

கலர் நெகடிவை, அதாவது நிறம் தலைகீழாகப் பதிகிற சாதாரண ஃபிலிமைப் பொறுத்தவரை அண்ணன் சொன்னது சரி. வெளிச்சம் ஒன்றிரண்டு ஸ்டாப் கூடினாலும் அது தாங்கும், பிரிண்டில் சரிக்கட்டிவிடலாம். குறைந்தால்தான் நிழலெல்லாம் சேறாகிவிடும். டிஜிட்டலில் கதை நேர் எதிர். நிழலை ஓரளவு தூக்கி எடுக்கலாம், ஆனால் வெள்ளை எரிந்துவிட்டால் அங்கே தகவலே இருக்காது. எந்த மென்பொருளாலும் அந்த மடிப்பைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஃபிலிமிலேயே ஸ்லைடு, அதாவது கழுவியதும் நேரே படமாகத் தெரிகிற ஃபிலிம் என்றால் அதுவும் டிஜிட்டல் மாதிரிதான், கூட்டி வைத்தால் போச்சு. ஆக அண்ணனும் தப்பில்லை, தம்பியும் தப்பில்லை. ஒரு பொருளுக்குச் சொன்ன அளவை இன்னொரு பொருளுக்குப் போட்டதுதான் தப்பு.

இதை யாராவது பொறுமையாக எழுதியிருந்தால் நாலு வரியில் முடிந்திருக்கும். அதற்குள் ஒருவர், "ஃபிலிம்ல இந்தப் பிரச்சினையே வராது, அதான் ஃபிலிம்" என்று போட்டார். இன்னொருவர், "மியூசியத்துல வைக்க வேண்டியதை எல்லாம் வச்சுக்கிட்டு நமக்கு அட்வைஸ்" என்றார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் யாருக்கும் வேட்டி ஞாபகமில்லை. காலையில் பார்த்தால் இருநூறு சொச்சம் செய்திகள். அண்ணன் குழுவை விட்டுப் போயிருந்தார்.

அட்மின்கள் நாங்கள் மூன்று பேர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று பேசினோம். ஐந்து யோசனைகள் வந்தன. இந்த இரண்டு வருடத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டோம். இதே தலைவலியோடு குழு நடத்துகிறவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே வைக்கிறேன்.

முதல் யோசனை, பேச்சையே தடை செய்வது. "ஃபிலிம் எதிர் டிஜிட்டல் பேசக்கூடாது" என்று குழு விவரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தோம். செய்வதற்குச் சுலபம், செலவில்லை. மூன்று வாரம் நிம்மதி. அப்புறம் சண்டை ஸ்டிக்கராக வந்தது, மீமாக வந்தது, "ஒண்ணுமில்லை, சும்மா சொன்னேன்" என்று வந்தது. இதைவிட மோசம், "முதல் கேமராவா பழைய ஃபிலிம் எஸ்.எல்.ஆர். வாங்கலாமா?" என்று கேட்ட ஒரு மாணவிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் விதி மீறலாகிவிடுமோ என்று பயம். குழு எதற்காக இருக்கிறதோ அந்தக் கேள்வியையே விதி அடைத்துவிட்டது. தூக்கிவிட்டோம்.

புகைப்படக்காரர்களைச் சண்டை போடாதே என்று சொல்வது வீண் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் எஃப்/64 என்று ஒரு குழு தொடங்கியது. லென்ஸ் துவாரத்தின் அளவையே பெயராக வைத்துக்கொண்டவர்கள். படம் ஊசிமுனைக் கூர்மையோடு இருக்க வேண்டும், ஓவியம் மாதிரி மழுப்பக்கூடாது என்பது அவர்கள் கட்சி. எதிர்க்கட்சியில் வில்லியம் மார்ட்டென்சன். நெகடிவையும் பிரிண்டையும் சுரண்டி, தீட்டி, மாற்றிப் படம் செய்தவர். எஃப்/64 குழுவின் ஆன்செல் ஆடம்ஸ் அவரை அந்திக்கிறிஸ்து என்றே சொன்னார். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே இந்த லட்சணம். அதற்குப் பிறகு கலர் எதிர் கறுப்பு வெள்ளை. கலர் என்றால் விளம்பரத்துக்கும் கல்யாண ஆல்பத்துக்கும்தான் என்று பெரியவர்கள் பலர் ஒதுக்கிய காலத்தில், இந்தியாவில் ரகுபீர் சிங் கலரைத்தான் தன் மொழியாக வைத்துக்கொண்டார். இன்று அந்தச் சண்டையை யாரும் போடுவதில்லை. யாரும் தடை போட்டு அது நின்றதில்லை. நல்ல கலர் படங்கள் வந்து குவிந்தன, பேச்சு தானாக அடங்கியது.

இரண்டாவது, வீட்டைப் பிரிப்பது. ஃபிலிமுக்கு ஒரு குழு, டிஜிட்டலுக்கு ஒரு குழு. இதை நான் முதலில் எதிர்த்தேன், இப்போது பாதி ஒத்துக்கொள்கிறேன். ஃபிலிம்காரர்களுக்கென்று மற்றவர்களுக்குக் கொஞ்சமும் தேவைப்படாத பேச்சு நிறைய இருக்கிறது. கறுப்பு வெள்ளை ரோலை 20 டிகிரியில் கழுவச் சொல்கிறார்கள். சென்னையில் மே மாதம் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். டெவலப்பர் (கழுவும் ரசாயனம்) பாட்டிலை ஐஸ் வாளியில் எவ்வளவு நேரம் வைப்பது? கலர் ரோலுக்கு 37.8 டிகிரி, மூன்றே கால் நிமிடம், அதில் அரை டிகிரி கூடினால் என்ன ஆகும்? விமான நிலையத்தின் புதிய சி.டி. ஸ்கேனரில் ரோலை விடலாமா? (விடக்கூடாது. கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.) இதெல்லாம் நூற்றைம்பது பேர் போனில் மணியடிக்க வேண்டிய விஷயம் இல்லை. தனி அறை இருந்தால் அவர்களுக்கும் நிம்மதி.

ஆனால் தனி அறையில் ஒரு ஆபத்து உண்டு. எதிர்த்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் பேச்சு தடித்துப் போகும். எங்கள் ஃபிலிம் அறையில் இரண்டே மாதத்தில் "டிஜிட்டல்காரன்" என்பது ஒரு வசைச்சொல்லாக மாறியிருந்தது. அந்தப் பக்கமும் அப்படித்தான் இருந்திருக்கும். பொதுக் குழுவில் மறுபடி சந்தித்தபோது முன்னைவிடச் சூடு அதிகம். எண்ணூறு ஆயிரம் பேர் இருக்கும் பெரிய குழு என்றால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. நூற்றைம்பது பேருக்கு அது தேவையில்லை. நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்டது ரசாயனம், லேப், ரோல் கிடைக்கும் இடம் ஆகிய மூன்றுக்கு மட்டும் ஒரு பக்க அறை. படம் போடுவது மட்டும் பொதுக் குழுவில்தான்.

மூன்றாவது, தண்டிக்கிற அட்மின். எச்சரிக்கை, பிறகு நீக்கம். இதில் நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஆளைப் பற்றிப் பேசினால் மட்டும் கை வைக்க வேண்டும், கேமராவைப் பற்றிப் பேசினால் வைக்கக்கூடாது. "ஃபிலிம் காசைக் கரியாக்குற வேலை" என்றால் அது ஒரு கருத்து, இருந்துவிட்டுப் போகட்டும். "காசைக் கரியாக்குற முட்டாள்கள்" என்றால் அந்தச் செய்தி அழிக்கப்படும். கோடு அங்கே. எச்சரிக்கையைக் குழுவில் போடக்கூடாது, தனிச்செய்தியில் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் சொன்னால் மனுஷன் தன் மானத்தைக் காப்பாற்றவாவது இன்னொரு பதில் போடுவான். இன்னொரு சின்ன உபாயம்: ராத்திரி பத்தரைக்கு அட்மின் மட்டும் செய்தி போடும்படி மாற்றிவிடுவது, காலை ஆறுக்குத் திறப்பது. எங்கள் சண்டைகளில் பெரும்பாலானவை பதினொன்றுக்கு மேல் பிறந்தவை என்று பின்னோக்கிப் படித்தபோது தெரிந்தது. காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து சண்டையைத் தொடர்கிறவர்கள் குறைவு.

இந்த வழியின் குறை, அது அட்மினைக் கட்சிக்காரன் ஆக்கிவிடும். நான் டிஜிட்டலில் எடுப்பவன். நான் எதை அழித்தாலும் ஃபிலிம்காரர்களுக்கு அது வேறு மாதிரிதான் தெரியும். அதனால் இப்போது அழிக்கிற அதிகாரம் இரண்டு பக்கமும் ஒவ்வொருவரிடம் இருக்கிறது, ஒருவர் அழித்தால் இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பஞ்சாயத்து மாதிரிதான்.

நான்காவது யோசனைதான் எனக்குப் பிடித்தது. சொல்வதைத் தடுக்க வேண்டாம், சொல்கிறவர் விவரம் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதில் எடுத்தது, யார் எப்படி ஸ்கேன் அல்லது எடிட் செய்தது, எந்த அளவில் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள், எதற்காக எடுத்த படம். இந்த நாலும் இல்லாமல் "ஃபிலிம்தான் ஃபிலிம்" என்றோ "டிஜிட்டல் ஜெயிச்சு இருபது வருஷம் ஆச்சு" என்றோ போட்டால், "விவரம்?" என்று ஒரே வார்த்தைப் பதில். யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கேட்க ஆரம்பித்த பிறகுதான் எவ்வளவு சண்டை காற்றில் நடந்தது என்று புரிந்தது. ஃபிலிமின் நிறம் என்று குழுவில் நாங்கள் கொண்டாடியதெல்லாம் எங்கள் கைக்கு வருவது ஒரு ஜேபெக் கோப்பாக. ரோல் லேபுக்குப் போகிறது, கழுவுகிறார்கள், ஸ்கேனரில் விடுகிறார்கள். நெகடிவில் எல்லா நிறமும் தலைகீழ், மேலே ஆரஞ்சுத் திரை வேறு. அதைத் திருப்பி எந்த நிறமாக்குவது என்று முடிவு செய்வது ஸ்கேனரும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனும். ஒரே நெகடிவை இரண்டு லேபில் ஸ்கேன் செய்து ஒருவர் போட்டுக் காட்டினார். ஒன்றில் தோல் நிறம் தேன், இன்னொன்றில் பச்சை ஓடியிருந்தது. இதில் எதை ஃபிலிம் நிறம் என்று சொல்லிச் சண்டை போடுவது? அப்புறம் அந்தக் கோப்பையும் வாட்ஸ்அப் சுருக்கித்தான் அனுப்புகிறது. படத்தை டாக்குமென்ட்டாகப் போடுங்கள் என்ற ஒரு வேண்டுகோளே பாதி "கிரெயின்" (ஃபிலிமில் மணல் மாதிரித் தெரியும் புள்ளிகள்) விவாதத்தைக் குறைத்தது.

மறுபக்கமும் இதே கதிதான். "45 மெகாபிக்சல் முன்னாடி ஃபிலிம் நிக்குமா" என்று ஒருவர் கேட்டார். எவ்வளவு பெரிய பிரிண்ட் போட்டீர்கள் என்று கேட்டோம். இதுவரை போட்டதில்லை என்றார். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் பிரிண்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 2400 பெருக்கல் 3600. ஏறக்குறைய 8.6 மெகாபிக்சல். அவ்வளவுதான் தேவை. மிச்சம் 36 வட்டி கட்டாமல் சும்மா இருக்கிறது. (சுவரளவு பிரிண்ட் போடுகிறவர்கள், பறவை எடுத்து வெட்டுகிறவர்கள் கோபிக்க வேண்டாம்.)

"கோடாக் செத்துப்போச்சு, ஃபிலிமும் செத்துப்போச்சு" என்பது இன்னொரு அடிக்கடி வரும் வசனம். விவரம் கேட்டால் இது இரண்டு பக்கமும் வெட்டும். கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது உண்மை. அதே வருடம் எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிமை நிறுத்தியது, 2018இல் திரும்பக் கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் ஒரு புது ஃபிலிம் கேமராவே வெளியிட்டது. சரி, செத்தது எது? டிஜிட்டலை எதிரி என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று இருக்கிறது: டிஜிட்டல் கேமராவை முதலில் செய்து காட்டியது கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாஸன், 1975இல். 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 நொடி.

"நெகடிவ் நூறு வருஷம் நிக்கும்" என்பதையும் இப்படித்தான் விவரம் கேட்டு இறக்கினோம். கறுப்பு வெள்ளை நெகடிவ் நிற்கலாம், பூஞ்சை பிடிக்காமல் வைத்தால். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் பழைய ஸ்டுடியோ நெகடிவ் டப்பாக்களைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடாக்கின் கோடாக்ரோம் என்ற பழைய கலர் ஸ்லைடு ஃபிலிமைக் கழுவிய கடைசி லேப், அமெரிக்காவில் கான்சஸில் இருந்தது. 2010 டிசம்பர் கடைசியோடு ரோல் வாங்குவதை நிறுத்தியது. அதற்குமேல் யார் அலமாரியில் எடுத்த ரோல் கிடந்தாலும் அதை வழக்கப்படி கலராகக் கழுவ இடமில்லை. ஹார்டு டிஸ்க்கின் ஆயுளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் ஒரு துக்கக் கதை இருக்கும்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். இது கூச்சமுள்ளவர்களை மிரட்டுகிறது. ரசித்து "என்னா கலரு!" என்று போட்ட ஒரு அக்காவிடம் ஒருவர் "விவரம்?" என்று கேட்டார். அவர் அன்றைக்குப் பிறகு ஒரு மாதம் எதுவும் போடவில்லை. ஒரு படத்தைப் பாராட்டுவதற்கு விவரம் வேண்டாம், ஒன்றைவிட ஒன்று மேல் என்று சொல்லும்போதுதான் வேண்டும் என்று விதியைத் திருத்தினோம்.

ஐந்தாவது, பிரிண்ட் மேஜை. செலவு பிடித்தது, அலைச்சல் பிடித்தது. ஆனால் மற்ற நாலும் சேர்ந்து செய்யாததைச் செய்தது.

இருபது படம், எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் எட்டுக்குப் பன்னிரண்டு, ஒரே லேப், ஒரே தாள். பத்து ஃபிலிம், பத்து டிஜிட்டல். பெயரும் கேமராவும் பின்பக்கம் பென்சிலில். ஒரு நண்பர் வீட்டு மாடியில் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தோம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. எண்ணுக்கு நேராக எஃப் அல்லது டி என்று எழுத வேண்டும். முதல் பத்து நிமிடம் எல்லோரும் குனிந்து மூக்கால் பார்த்தார்கள். கிரெயின் தேடினார்கள். பிறகு ஒருவர், "இந்தப் பாட்டி யாருங்க?" என்று ஏழாம் எண்ணைக் கேட்டார், பேச்சு பாட்டியைப் பற்றிப் போனது. நான் இருபதில் பதினொன்று சரியாகச் சொன்னேன். காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். ஃபிலிம்தான் ஃபிலிம் என்று வேட்டிச் சண்டையைத் தொடங்கி வைத்தவர் எட்டு.

சமாதானமாகித் திரும்ப வந்திருந்த ஸ்டுடியோ அண்ணன் அங்கேயே ஒரு குறை சொன்னார், அது நியாயமான குறை. "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே மெஷின்ல போட்டா ரெண்டும் டிஜிட்டல் பிரிண்ட்தானே தம்பி?" அடுத்த முறை அவர் டார்க் ரூமில் கையால் போட்ட நாலு பிரிண்ட் கொண்டுவந்தார். கனமான ஃபைபர் தாள். கூடவே ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமின் காலி அட்டைப்பெட்டி ஒன்று, சும்மா காட்டுவதற்கு. அந்த ஆலை மூடி வருடங்கள் ஆகிவிட்டதால் அதைக் கையில் வாங்கிப் பார்க்கவே ஒரு வரிசை நின்றது. அந்த நாலு பிரிண்ட்டையும் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். கறுப்பின் ஆழம் அப்படி. மெகாபிக்சல் கேட்டவர் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், கீழே வைக்க மனசில்லை. ஒரு பிரிண்ட் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். சில நேரம் ஒரு ராத்திரி, என்றார் அண்ணன்.

பணம்தான் இடிக்கிறது. பிரிண்ட்டுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம், இரண்டாம் முறை பாதிப்பேர் தரவில்லை. மாதாமாதம் என்று தொடங்கியது இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் வர முடியாது, அவர்கள் பாவம் போனில்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் அளவுள்ள குழுவுக்கு என் தேர்வு இதுதான்: ஆளைத் தொட்டால் மட்டும் மூன்றாவது வழி, ஒப்பிட்டுப் பேசினால் நான்காவது, முடிகிறபோதெல்லாம் ஐந்தாவது. இருபது முப்பது பேர்தான், எல்லோரும் ஒரே ஊர் என்றால் ஐந்தாவதில் நேரே இறங்கிவிடுங்கள், விதி எதுவும் எழுத வேண்டாம். பெரிய குழு என்றால் பிரித்துவிட்டு, வாரம் ஒரு நாள் பொது இடத்தில் படம் மட்டும் போடச் சொல்லுங்கள். தடையை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

போன மாதம் அந்த வேட்டித் தம்பி பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கினார். ரோலும் கழுவுகூலியும் ஸ்கேனும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ஆனது, கிளிக்குக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் வருகிறது என்று கணக்கெல்லாம் போட்டிருந்தார். ரோல் கழுவி வந்தது. முப்பத்தாறும் காலி. குழுவில் போட்ட மறு நிமிடம் ஒரு செய்தி: "டிஜிட்டல்ல இந்தப் பிரச்சினையே வராது." அழிப்பதா வேண்டாமா என்று கை போனில் இருந்தது. அதற்குள் தம்பியே, "போன தீபாவளிக்கு என் மெமரி கார்டு மொத்தமா போச்சே அண்ணா, மறந்துட்டீங்களா?" என்று சிரிப்புப் பொம்மை போட்டார். கீழே ஸ்டுடியோ அண்ணன் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது, ரொம்ப நேரம். கடைசியில் வந்தது இரண்டு வரி: "ஃபிலிம் நுனி ஸ்பூல்ல மாட்டியிருக்காது. அடுத்த ரோல் போட்டு லீவரைத் தள்ளும்போது இடது பக்க ரீவைண்டு குமிழ் கூடவே சுத்துதான்னு பாருங்க, சுத்தலைன்னா மூடியைத் திறந்து மறுபடி மாட்டுங்க."